ஐ.க்யூ. எண் எதைச் சொல்கிறது?

நம்பிக்கை: ஒருவருக்கு எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதன் அளவுதான் ஐ.க்யூ.

இந்தத் தேர்வு எதற்காகப் பிறந்தது என்று பார்த்தாலே இந்த நம்பிக்கை ஆட்டம் காணும். 1904-இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. கட்டாயக் கல்விச் சட்டம் வந்த பிறகு எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்தார்கள். வகுப்போடு சேர்ந்து வர முடியாத பிள்ளைகளை எப்படிக் கண்டறிந்து உதவுவது என்பதே குழுவின் கேள்வி. ஆசிரியருக்குப் பிடிக்காத பிள்ளை, குறும்புக்காரப் பிள்ளை, பேசத் தயங்கும் பிள்ளை எல்லோரும் மந்தம் என்று ஒதுக்கப்பட்டுவிடும் ஆபத்தும் இருந்தது. ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவரும் 1905-இல் 30 சிறு பணிகளைக் கொண்ட ஒரு தேர்வை உருவாக்கினார்கள். எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண் தொடர்கிறதா என்பதில் தொடங்கி, பொருளால் நெருங்கிய இரண்டு சொற்களுக்கு என்ன வேறுபாடு என்று கேட்பது வரை அது படிப்படியாகக் கடினமாகும்.

நீளத்தை அளப்பதுபோல அறிவை அளக்க முடியாது, இந்தத் தேர்வு குழந்தைகளை வரிசைப்படுத்த மட்டுமே உதவும் என்று பினே அப்போதே எழுதினார். அவர் 1911-இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், 'மன வயதை', அதாவது குழந்தையின் திறன் எந்த வயதுப் பிள்ளைகளின் சராசரிக்கு இணையோ அந்த வயதை, உண்மையான வயதால் வகுத்து ஓர் ஈவு காணலாம் என்றார். 1916-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அந்த ஈவை நூறால் பெருக்கினார்; அதுவே ஐ.க்யூ. உதவிக்கு அடையாளம் காட்டப் பிறந்த தேர்வு, மனிதரின் மதிப்பைச் சொல்லும் எண்ணாக மாறியது இப்படித்தான்.

இன்றைய தேர்வுகளில் அந்த வகுத்தல்கூட இல்லை. ஒரே வயதினரின் பெரிய மாதிரிக் கூட்டத்துக்குத் தேர்வு வைத்து, அவர்களின் சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். நூறு பேரில் சுமார் 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். எழுபதுக்குக் கீழே வருபவர்கள் சுமார் இரண்டு பேர். அப்படியென்றால் உங்கள் மகளின் எண் 110 என்பது அவள் தலைக்குள் இருக்கும் எதன் அளவும் அல்ல. அவள் வயதுப் பிள்ளைகளின் வரிசையில் அன்றைக்கு அவள் நின்ற இடம். 140 எடுத்தவருக்கு 70 எடுத்தவரைவிட இரு மடங்கு அறிவு என்று சொல்லவும் இதில் வழியில்லை.

அந்த வரிசையும் சில திறன்களை வைத்துப் போடப்பட்டதுதான்: சொல்வளம், வடிவங்களுக்கிடையே உள்ள ஒழுங்கைக் கண்டுபிடிப்பது, எண்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது, வேகம். விடாமுயற்சி, புதிதாக ஒன்றைக் கற்பனை செய்வது, எதிரில் இருப்பவரின் மனதை அறிவது ஆகியவற்றுக்கு அதில் கட்டம் கிடையாது. டெர்மன் 1921-இல் கலிஃபோர்னியாவில் உயர்ந்த ஐ.க்யூ. உள்ள சுமார் 1,500 சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். மதிப்பெண் போதவில்லை என்று அந்த ஆய்வு விட்டுவிட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் இருவரும் உண்டு. இருவரும் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். ஐன்ஸ்டைனின் ஐ.க்யூ. 160 என்று திரும்பத் திரும்பப் படிக்கிறோமே, அவர் அப்படி ஒரு தேர்வை எழுதியதற்குப் பதிவே இல்லை.

நம்பிக்கை: அது பிறவியிலேயே எழுதப்பட்டது, மாறாது.

இந்த நம்பிக்கைதான் அதிகக் கேடு செய்தது. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ராபர்ட் யெர்க்ஸ் தலைமையிலான உளவியலாளர்கள் சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்குத் தேர்வு வைத்தார்கள். 'கிரிஸ்கோ' என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்று ஒரு கேள்வி. அமெரிக்கக் கடையில் சமையல் கொழுப்பு வாங்கியவருக்கு அது தெரியும். இத்தாலியிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ சில ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்தவருக்கு எப்படித் தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்களைக் கொடுத்து, விடுபட்டதை வரையச் சொன்னார்கள். வலையில்லாத டென்னிஸ் ஆடுகளம், ஒலிக்குழல் இல்லாத கிராமஃபோன், புகைபோக்கி இல்லாத வீடு. சிசிலியிலிருந்து வந்த ஒருவர் அந்த வீட்டுக்கு மேல் சிலுவை ஒன்றை வரைந்தார். அவர் ஊரில் வீடு என்றால் அது இருக்கும். விடை தவறு என்று போடப்பட்டது.

இதே புள்ளிவிவரங்களில் இன்னொன்றும் தெரிந்தது. வந்தேறிகள் அமெரிக்காவில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார்களோ அதற்கேற்ப மதிப்பெண் ஏறியது. தேர்வு அளப்பது பழக்கத்தையும் பள்ளிப்படிப்பையும்தான் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனால் 1923-இல் கார்ல் பிரிகாம் தமது நூலில், பிற்பாடு வந்தவர்கள் தாழ்ந்த இனத்தவர் என்று முடிவு கட்டினார். 1930-இல் தம் ஆய்வு அடிப்படையற்றது என்று அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கில் திரும்பப் பெற எதுவும் மிஞ்சவில்லை. வளர்ப்புக் குடும்பத்தின் உறவினரால் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற அவரை, மன வயது ஒன்பது என்று சொல்லி வர்ஜீனியா மாநிலத்தின் காப்பகத்தில் அடைத்தார்கள். அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையாக அறிவுக்குறை என்பது காரணம். ஏழு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது இயல்பாக இல்லை என்று சொல்லப்பட்ட அந்தப் பேத்தி விவியன், பின்பு பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம் பெற்றாள். எட்டு வயதில் நோயுற்று இறந்துபோனாள்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்பதல்ல என் வாதம். இரட்டையர் ஆய்வுகள் அந்தப் பங்கு கணிசமானது என்றே காட்டுகின்றன. ஆனால் பங்கு இருப்பது வேறு, மாறாது என்பது வேறு. நியூசிலாந்தில் வாழ்ந்த ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1980-களில் பல நாடுகளின் தேர்வுப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார். பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி வீதம் மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. மரபணு இரண்டு தலைமுறைக்குள் அவ்வளவு மாறாது. மாறியது பள்ளி, சத்துணவு, வேலையின் தன்மை, எதையும் வகைபிரித்துப் பார்க்கும் பழக்கம். நாய்க்கும் முயலுக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்டால், நூறாண்டுக்கு முந்தைய நாட்டுப்புற மனிதர் நாயை வைத்து முயல் பிடிக்கலாம் என்றிருப்பார் என்பது ஃபிளின் சொன்ன எடுத்துக்காட்டு. தேர்வு எதிர்பார்ப்பதோ இரண்டும் பாலூட்டிகள் என்ற விடையை. முதல் விடை சொன்னவரை அறிவில்லாதவர் என்று என்னால் ஏற்க முடியாது.

கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அயோடின் குறைந்தால் மதிப்பெண் இறங்கும். ரத்தத்தில் ஈயம் கலந்தால் இறங்கும். கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் சில புள்ளிகளை ஏற்றும். உப்பில் அயோடின் சேர்ப்பதும், பெண் பிள்ளையைப் பாதியில் நிறுத்தாமல் படிக்க வைப்பதும் இந்த எண்ணைத் தொடுகின்றன என்றால் அதைத் தலையெழுத்து என்று எப்படிச் சொல்வது?

நம்பிக்கை: அப்படியானால் இந்தத் தேர்வே பித்தலாட்டம்.

இதுவும் சரியல்ல. ஒரு பாடத்தில் நன்றாகச் செய்யும் குழந்தைகள் பிற பாடங்களிலும் பெரும்பாலும் நன்றாகச் செய்வதை சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904-இல் கண்டார். இன்றுவரை அது பொய்க்கவில்லை. 1932-இல் ஸ்காட்லாந்தில் 1921-ஆம் ஆண்டு பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும், 87,498 பேருக்கு, ஒரே நாளில் தேர்வு வைத்தார்கள். அவர்களில் சிலரை முதுமையில் தேடிப் பிடித்து அதே தேர்வை வைத்தபோது, பதினொரு வயதில் நின்ற வரிசையும் எழுபதுகளின் இறுதியில் நின்ற வரிசையும் பெருமளவு ஒத்துப்போயின. பள்ளி மதிப்பெண்களில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கை ஐ.க்யூ. முன்கூட்டிச் சொல்கிறது. மீதி முக்கால் பங்கு அதற்கு எட்டுவதில்லை. பெட்ரோலில் கலந்த ஈயம் குழந்தைகளுக்கு என்ன செய்தது என்பதை நிறுவியதில் இந்தத் தேர்வுக்கும் பங்குண்டு. கைபேசியில் பத்து நிமிடத்தில் முடிந்து சான்றிதழுக்குக் காசு கேட்கும் விளையாட்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முறையான தேர்வு, பயிற்சி பெற்ற உளவியலாளர் குழந்தையோடு நேரில் அமர்ந்து பொறுமையாகச் செய்வது.

நம்பிக்கை: எழுபதுக்குக் கீழே வந்தால் அறிவுசார் குறைபாடு, மேலே வந்தால் இல்லை.

நம் வீடுகளை நேரடியாகத் தொடுவது இதுதான். ஒரே குழந்தைக்கு வேறு நாளில் வைத்தால் சில புள்ளிகள் கூடக் குறைய வரும். எந்தத் தேர்வுக்கும் அந்தப் பிழை எல்லை உண்டு. ஃபுளோரிடாவில் மரண தண்டனைக் கைதி ஒருவர், 71 எடுத்ததால் குறைபாடு இல்லாதவர் என்று கருதப்பட்டார். பிழை எல்லையைக் கணக்கில் கொள்ளாமல் எழுபதில் கோடு கிழிப்பது செல்லாது என்று 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் எண்ணை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. சிந்திக்கும் திறன், அன்றாட வாழ்க்கைத் திறன் இரண்டிலும் கணிசமான குறை இருப்பதையே அது அறிவுசார் குறைபாடு என்கிறது. கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரிபார்த்து வாங்கி வரும் பிள்ளையா, தானே பேருந்தில் போய்வருமா என்பதெல்லாம் மதிப்பீட்டுக்குள் வர வேண்டும்.

இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்படும் பினே–காமத் தேர்வு, 1930-களில் கன்னட, மராத்தி பேசும் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டது. ஃபிளின் கண்டதை இங்கே பொருத்திப் பாருங்கள். பழைய சராசரியோடு ஒப்பிட்டால் இன்றைய குழந்தையின் மதிப்பெண் ஊதித் தெரியும். உண்மையிலேயே உதவி தேவைப்படும் பிள்ளை 75 பெற்று, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பக்கூடும். மாறாக, காது சரியாகக் கேட்காத குழந்தையும், வீட்டில் பேசாத மொழியில் கேள்வி கேட்கப்பட்ட குழந்தையும் தங்கள் திறனுக்கு வெகு கீழே வருவார்கள்.

பிள்ளையின் அறிக்கையை வாங்கும் பெற்றோர் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை இவை: எந்தத் தேர்வு, எந்த ஆண்டின் தரவை வைத்து, எந்த மொழியில் நடந்தது? செவியும் பார்வையும் முன்பே சோதிக்கப்பட்டனவா? பகுதிவாரியாக எதில் உயர்ந்தும் எதில் தாழ்ந்தும் வந்தது? அன்றாடத் திறன் தனியாக மதிப்பிடப்பட்டதா? மறுபடி எப்போது பார்க்க வேண்டும்? இவற்றுக்கு விடை சொல்வது உளவியலாளரின் கடமை. விடைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியிலும் மருத்துவக் குழுவின் முன்பும் ஒற்றை எண்ணைவிட அந்தத் தாள்தான் பிள்ளைக்காகப் பேசும்.