கவலையும் ஜெபமும் (பிலிப்பியர் 4:6-7)

மாணவர்களே, இப்பகுதிக்கு விடை எழுதும்போது பவுலைக் கவலையே அறியாதவராகக் காட்டிவிடாதீர்கள். இந்நிருபத்தை அவர் எழுதியது சிறைக்காவலில் இருந்தே. தமக்கு உதவ வந்த எப்பாப்பிரோதீத்து சாகுமளவுக்கு நோயுற்றதையும், அதனால் தாம் பட்ட துயரத்தையும் 2ஆம் அதிகாரத்தில் அவர் மறைக்கவில்லை. ஆகவே இது கவலை தெரியாத ஒருவரின் புத்திமதி அன்று.

அவர் காட்டும் வழி, வேண்டுதல்களைத் தேவனிடம் தெரிவித்தல்; அதுவும் நன்றியுடன். பலரும் விட்டுவிடுவது இந்த 'நன்றி'யைத்தான். கேட்டது கிடைக்கும் என்று பவுல் இங்கு கூறவில்லை என்பதையும் கவனியுங்கள். தேவசமாதானம் உள்ளத்தைக் காக்கும் என்றே கூறுகிறார். மூலமொழியான கிரேக்கத்தில் இது படைவீரர் காவல் நிற்பதைக் குறிக்கும் சொல். பிலிப்பியோ ஓய்வுபெற்ற உரோமப் போர்வீரர் குடியேற்றப்பட்ட நகரம். வாசித்தோருக்கு உடனே விளங்கியிருக்கும். அந்நகரச் சிறையில்தான் முன்பு பவுலும் சீலாவும் நடு இரவில் ஜெபித்துப் பாடினர் (அப். 16:25).

பரீட்சைக்கு முந்திய இரவில் வயிறு கலங்குவது எனக்கும் தெரியும். அன்று பொதுவாக ஜெபிக்காமல், எந்தப் பாடம், எந்த அலகு, வீட்டில் என்ன கஷ்டம் என்று விபரமாகவே சொல்லுங்கள். பின் கொப்பியை மூடிவிட்டு உறங்குங்கள்.