பால் கேனில் படியும் புரதப் படலம்

கறவை மாடு வைத்திருக்கும் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டார விவசாயிகளே! கழுவிய எவர்சில்வர் கேனில் ஊற்றிய பாலும் சில சமயம் திரிந்து, சங்கத்திலிருந்து திரும்பிவிடுகிறது. கேனில் ஒட்டிய புரதப் படலத்தில் கிருமிகள் தங்குவது இதற்கு ஒரு காரணம்.

கேனை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசவும். கொதிநீர் புரதத்தை இறுகச் செய்யும். பின்னர் 10 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, 5 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரையும் சேர்த்துத் தேய்க்கவும். சோடா படலத்தை இளக்கும். குளோரின் புரதத்தை ஆக்சிகரணம் செய்து, கரையும் துண்டுகளாக உடைக்கும்.

பத்து நிமிடத்துக்குள் நல்ல நீரில் அலசிக் கவிழ்த்து வைக்கவும். குளோரின் தங்கினால் எவர்சில்வரிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். அலுமினியக் கேனுக்கு இம்முறை ஆகாது. பிளீச்சிங் பவுடருடன் அமிலம் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், எச்சரிக்கை!