உலோகத்தின் மறைகுறை காணல்

பாலாற்றங்கரையிலுள்ள இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் தோல் பதனிடுந் தொழில் பல தலைமுறைகளாக நடைபெற்று வருவதை யாவரும் அறிவர். அங்கே தோலைத் தரம் பிரிப்போர் ஒரு முறை நோக்கிய அளவில் தீர்ப்புக் கூறுவதில்லை. மேற்புறத்தைக் கண்ணால் ஆராய்வர். உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பர். விரலால் தடவிக் கனம் அறிவர். இழுத்து உரம் காண்பர். ஒன்று காணாத குறையை மற்றொன்று காட்டுமன்றோ? உலோகத்தைச் சோதிப்பதும் இம்முறையினதே.

தோலின் ஒரு மூலையை வெட்டிப் பார்க்கலாம்; நீராவியழுத்தந் தாங்கி நிற்கும் கொதிகலத்தை அங்ஙனம் வெட்டுதல் இயலாது. வெட்டினால் கலம் பாழாம். வெட்டாமலும் ஆராயாமலும் விட்டால், மயிரிழை போன்ற வெடிப்பொன்று வளர்ந்து, அருகில் நிற்போர் உயிரைக் கவரவுங் கூடும். இது கருதியே 1923-ஆம் ஆண்டில் இந்தியக் கொதிகலச் சட்டம் இயற்றப்பட்டது; 2025-இல் அதனிடத்தைப் புதிய சட்டம் பெற்றது. பொருளைச் சிதைக்காமல் அதன் குறை காணும் முறைகளை இனி நோக்குவோம்.

முதலாவது, சாய முறை. துப்புரவு செய்த பரப்பின்மேல் நிறமுள்ள நீர்மத்தைத் தடவிச் சற்றுப் பொறுத்துத் துடைத்து, வெண்பொடி தூவினால், வெடிப்பினுட் புகுந்த சாயம் மேலே கசிந்து கோடாகத் தோன்றும். இரண்டாவது, காந்த முறை. காந்தமேற்றிய இரும்பின்மேல் இரும்புப் பொடியைத் தூவ, வெடிப்புள்ள இடத்தில் அப்பொடி திரளும். இவ்விரண்டும் மேற்பரப்பையோ அதனை அடுத்த பகுதியையோ மட்டும் ஆராய வல்லன.

ஆழத்திலுள்ள குறையை அறிய, 1895-இல் ராண்ட்கன் கண்ட எக்ஸ் கதிர்கள் உதவும். பற்றவைப்பில் அடைபட்ட காற்றுக்குமிழியைக் கதிர்ப்படம் தெளிவாகக் காட்டும். ஆயினும் கதிருக்குக் குறுக்காகக் கிடக்கும் மெல்லிய வெடிப்பு அதில் தோன்றாது போகலாம். அத்தகைய வெடிப்பைக் கேளா ஒலி எளிதிற் காணும். எஃகில் இவ்வொலி வினாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் செல்லும். 30 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டின் அடிவரை சென்று மீள, வினாடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 10 பங்கு ஆகும். 5 பங்கிலேயே எதிரொலி மீண்டால், இடைவழியில் ஏதோ தடை உளது என்பது பெறப்படும்.

நம் தோல்வட்டாரத்திற்கே உரிய எடுத்துக்காட்டொன்று உண்டு. தோலைக் கெடாது காக்க இடப்படும் உப்பு, கழிவுநீரிற் கலக்கின்றது. அவ்வுப்பைப் பிரிக்கும் ஆவியாக்கிகளில் துருவேறா எஃகு பெரிதும் பயன்படும். உப்பிலுள்ள குளோரைடோ அவ்வெஃகையும் அரித்து வெடிப்புறச் செய்ய வல்லது. அவ்வகை எஃகிற் பெரும்பாலானது காந்தத்தால் ஈர்க்கப்படாதாகலின் காந்தப்பொடி அங்கே பயன்படாது. வெளிப்பரப்பிற்குச் சாயமும், மெல்லிய குழாய்களுக்குச் சுழல் மின்னோட்டச் சோதனையும் வேண்டும்.

இனி ஒரு கணக்கு. ஒரு முறை பத்துக் குறைகளில் ஒன்றைத் தவறவிடுவதாகக் கொள்வோம், மற்றொன்றும் அங்ஙனமே. இரண்டையும் சேர்த்தால் நூற்றில் ஒன்றே தப்பும் என்பர் சிலர். இரண்டும் தவறும் காரணங்கள் வெவ்வேறாயின் அது மெய்; ஒரே காரணத்தால் இரண்டும் குருடாயின் சேர்த்தும் பயனில்லை. ஆகவே முறைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதன்று, ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்குமாறு தேர்வதே அறிவுடைமை. இரண்டும் முரண்பட்டால், நமக்கு இசைந்ததை ஏற்று மற்றதைத் தள்ளுதல் தகாது. முரணின் காரணத்தைத் தேடல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளியில் 1975-இல் ஏற்பட்ட பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும், கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையமும் இத்துறையில் உழைத்து வருகின்றன. பௌதிகம் பயிலும் நம் மாணவர் இதனைக் கற்க முன்வரல் வேண்டும். ஒரு நாள் ஆலை நிற்பதால் வரும் நட்டம் ஈடு செய்யத்தக்கது. கொதிகலத்தருகே நிற்கும் தொழிலாளியின் உயிரோ அத்தகையதன்று.