புதிய மகிழுந்தும் நியாய விலையும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்குத் தெற்கே ரந்தாவ் எனும் சிறுநகர் அமைந்துள்ளது. முன்பு ரப்பர்த் தோட்டங்களும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களும் இந்நகரைச் சூழ்ந்திருந்தன. லின்சம், கொம்போக் ஆகிய தோட்டங்களின் பெயர்களை இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு வேலைக்காடு நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. அவர்களின் பிள்ளைகளோ சிரம்பானுக்கும் செனவாங் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குச் செல்கின்றனர். இரவுப் பணி முடிந்து வீடு திரும்புபவருக்குச் சொந்த வாகனம் இல்லையென்றால் பெருந்தொல்லை. ஆகவே, இங்குள்ள பல குடும்பங்களுக்கு மகிழுந்து ஆடம்பரப் பொருள் அன்று. பிழைப்புக்குத் தேவையான பொருள்.

தேவை மிகும்போது வாங்குபவர் அவசரப்படுவது இயல்பு. அதிலும், அனைவரும் விரும்பும் வண்டியாக இருந்தால் அவசரம் இரட்டிப்பாகும். மலேசியாவில் இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கோவிட்-19 பெருந்தொற்றின்போது, 15 ஜூன் 2020 முதல் மகிழுந்துகளுக்கு அரசாங்கம் விற்பனை வரி விலக்கு அளித்தது. உள்நாட்டில் பொருத்தப்பட்ட வண்டிகளுக்கு முழு விலக்கும், இறக்குமதி செய்யப்பட்டவற்றுக்குப் பாதி விலக்கும் கிடைத்தன. அச்சலுகை 30 ஜூன் 2022 வரை நீடித்தது. அதே காலத்தில் உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் உற்பத்தி தடைபட்டது. வாங்குவோர் பெருகினர்; வண்டிகளோ குறைவு. எனவே, சலுகை முடிவதற்குள் முன்பதிவு செய்தவர்கள் 31 மார்ச் 2023 வரை தங்கள் வண்டிகளைப் பதிந்துகொள்ள அரசாங்கம் அவகாசம் தந்தது. அமெரிக்காவில் அக்காலத்தில் பல விற்பனையாளர்கள் உற்பத்தி நிறுவனம் குறித்த விலைக்கு மேலும் பணம் கேட்டனர்.

இவ்வாறு தேவை மிகுந்த வண்டிக்குக் கழிவு கிடைப்பது கடினம். வரிசையில் பலர் காத்திருக்கும்போது விற்பனையாளர் விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படியென்றால் பேரம் பேசுவதற்கு எதுவுமே இல்லையா? உண்டு. உற்பத்தி நிறுவனம் வெளியிடும் விலை மாறாவிட்டாலும், அதைச் சுற்றியுள்ள செலவுகள் மாறக்கூடியவை. துணைப்பொருள்கள், காப்புறுதி, வங்கிக் கடன், பழைய வண்டியின் மதிப்பு ஆகியவையே அவை. பேச வேண்டிய இடம் அங்குதான் உள்ளது.

ரந்தாவில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். தந்தை தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் செனவாங்கில் தொழிற்சாலை ஊழியர். இருவரும் மகிழுந்து விற்பனை நிலையம் ஒன்றுக்குச் செல்கின்றனர்.

“தங்கச்சி, இந்த வண்டிக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கண்ணாடிக் கருந்தாள், இருக்கை உறை, மெருகுப் பூச்சு எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டால் சீக்கிரம் ஏற்பாடு செய்து தருகிறேன். கூடுதலாக 2,500 ரிங்கிட்தான். இன்றைக்கே முன்பதிவு செய்துவிடுங்கள்,” என்கிறார் விற்பனை முகவர்.

“அண்ணா, நிறுவனத்தின் விலை எவ்வளவு, இந்தப் பொருள்களின் விலை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தர முடியுமா? இவை வேண்டாமென்றால் எப்போது வண்டி கிடைக்கும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். நாங்கள் இன்னும் இரண்டு இடங்களில் விசாரித்துவிட்டு வருகிறோம்,” என்கிறாள் மகள்.

வெளியே வந்ததும் தந்தை கவலைப்படுகிறார். “ஏம்மா, இதற்குள் வண்டி கைநழுவிப் போய்விடாதா?”

“போனால் போகட்டும் அப்பா. நம் பழைய வண்டி இன்னும் ஓடுகிறதே. அவசரம் அவருக்குத்தான், நமக்கில்லை.”

மகளின் பதிலில் பேரம் பேசுவதன் அடிப்படை அடங்கியுள்ளது. ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடிந்தவரே உறுதியாக விலை பேச முடியும். பழைய வண்டி முற்றிலும் பழுதாகும் வரை காத்திருந்து, பிறகு புதிய வண்டியைத் தேடுபவருக்கு அந்த உறுதி இருக்காது. அதே வேளையில், காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆறு மாதக் காத்திருப்பில் பழைய வண்டியைப் பழுதுபார்க்க 3,000 ரிங்கிட் செலவாகும் என்றால், 2,500 ரிங்கிட்டைச் சேமிப்பதில் பயனில்லை. ஆகவே, மிகக் குறைந்த விலைதான் நியாய விலை என்று கருதக்கூடாது. எதற்காக எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை அறிந்து, ஒப்புக்கொண்டு கொடுப்பதே நியாய விலை. முகவருக்கும் விற்பனையால்தான் வருமானம் கிடைக்கிறது. எனவே, மரியாதையாகக் கேட்பதும் மரியாதையாக மறுப்பதும் இரு தரப்புக்கும் நல்லது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது கடன். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, வண்டியின் ரொக்க விலையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை முன்பணமாகச் செலுத்த வேண்டும். 50,000 ரிங்கிட் வண்டிக்கு 5,000 ரிங்கிட் முன்பணம் போக, 45,000 ரிங்கிட் கடனாகும். நீண்ட காலமாக வழக்கிலிருந்த நிலை வட்டி முறையில், ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி எனக் கணக்கிடலாம். ஐந்து ஆண்டுகளுக்கு வட்டி 6,750 ரிங்கிட். ஒன்பது ஆண்டுகளுக்கு 12,150 ரிங்கிட். ஒன்பது ஆண்டுக் கடனில் மாதத் தவணை ஏறக்குறைய 529 ரிங்கிட். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தைப் பெறுபவருக்கு, இது வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும்.

இதே ஒன்பது ஆண்டுக் கடனுக்கு வட்டி 3.5 விழுக்காடானால், மாதத் தவணை சுமார் 19 ரிங்கிட் மட்டுமே உயரும். ஆனால், மொத்த வட்டி 2,025 ரிங்கிட் கூடும். “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்று முகவர் கேட்கும்போது, “மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று வாங்குபவர் திருப்பிக் கேட்க வேண்டியதன் காரணம் இதுதான். முகவர் பரிந்துரைக்கும் வங்கியோடு நின்றுவிடாமல், வேறு வங்கிகளிலும் வட்டியை விசாரிப்பது பயன் தரும்.

காப்புறுதிக்கும் இது பொருந்தும். 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் முழுமைக் காப்புறுதியின் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. எனவே, ஒரே வண்டிக்குக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்கு 55 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். அக்கழிவு வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. ஆகவே, புதிய வண்டியை மகள் தன் பெயரில் பதிந்தால், தந்தையின் கழிவைப் பயன்படுத்த முடியாது. பழைய வண்டியை விற்கும்போதும், அதற்குரிய விலையைத் தனியாகப் பேச வேண்டும். புதிய வண்டியின் விலையோடு கலந்து பேசினால் எதில் இலாபம், எதில் நட்டம் என்பது தெரியாமல் போய்விடும்.

பேசி முடித்த அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். வண்டியின் வகை, நிறம், விலை, துணைப்பொருள்கள், ஒப்படைக்கும் காலம், முன்பதிவுத் தொகையைத் திரும்பப் பெறும் நிபந்தனை ஆகியவை தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். நிரப்பப்படாத பாரத்தில் கையொப்பமிடுவது ஆபத்தானது. பின்னர்ச் சிக்கல் எழுந்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கு 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இன்றித் தாக்கல் செய்ய முடியும். அதற்கான கட்டணம் 5 ரிங்கிட். ஆனால், வாய்ச்சொல்லை மெய்ப்பிப்பது கடினம். கையில் உள்ள தாளே சான்றாகும்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. மகிழுந்துக்கான பேச்சு ஒரு நாளில் முடிந்துவிடும்; அதற்கான தவணையோ ஒன்பது ஆண்டுகள் தொடரலாம். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர், ஒரு வாரம் விசாரித்துக் கணக்குப் பார்ப்பது காலவிரயம் ஆகாது.