போட்டிக்குப் படம் அனுப்பும் முன்

ஆயிரம் ரூபாய்ப் பரிசு ஒருவருக்குத்தான். ஆனால் சில போட்டிகளில், தோற்றவர்களின் படங்களும் நடத்துபவருக்கே சொந்தமாகிவிடும்.

1. ‘ஏற்கிறேன்’ கட்டத்தைத் தொடும் முன் விதிமுறைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். உரிமை பற்றிய பேச்சு பெரும்பாலும் அடியில், பொடி எழுத்தில்தான் இருக்கும்.

2. கேட்பது அனுமதியா, உரிமை மாற்றமா என்று பாருங்கள். வென்ற படத்தைக் கண்காட்சியில் வைக்க அனுமதி கேட்பது நியாயம். பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்தால், அதே படத்தை நீங்கள் காலண்டருக்கு விற்கவும் அவர்களைக் கேட்க வேண்டும்.

3. ‘நிரந்தரமாக’, ‘உலகெங்கும்’, ‘எந்த நோக்கத்துக்கும்’ மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிக்கொள்ளுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டம் (1957), உரிமை மாற்றத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா என்றே கொள்கிறது. அந்தச் சொற்கள் இந்தப் பாதுகாப்பைத்தான் பறிக்கின்றன.

4. கல்யாணத்தில் கூலிக்கு எடுத்த படத்தை அனுப்பாதீர்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே அதன் உரிமை.

5. படத்தில் முகம் தெரிபவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நாளை அது விளம்பரப் பலகையில் ஏறினால் அவர் உங்களைத்தான் தேடி வருவார்.

6. முதலில் சிறிய அளவுப் படத்தை மட்டும் அனுப்புங்கள். மூலக் கோப்பு வென்ற பிறகு போகட்டும். நடுவர் பார்க்கச் சிறியதே போதும், பேனர் அடிக்கப் போதாது.

7. விதிமுறைப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அது மாறலாம்.