ஏழு கதைகளில் எதைக் காட்டுவது?

மும்பை சயானில் டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது, ஏழாவது படிக்கும் தாராவிப் பிள்ளைகள். பல நாட்டுக் குழந்தைகளின் கஷ்டங்களைச் சொல்லும் ‘ஆல் தி இன்விசிபிள் சில்ட்ரன்’ படத்தை அவர்களுக்குப் போடலாமா?
– வாசகி, சயான்

போடலாம் அம்மா. ஆனால் முழுப் படமும் வேண்டாம். 2005-இல் வந்த அந்தப் படத்தில் ஏழு தனித்தனிக் கதைகள். துப்பாக்கி ஏந்திய ஆப்பிரிக்கச் சிறுவர்களின் கதையும், ஸ்பைக் லீ எடுத்த எச்.ஐ.வி. பாதித்த சிறுமியின் கதையும் இந்த வயதுக்கு ரொம்பக் கனம்.

காட்டியே ஆகவேண்டியது, காட்டியா லுண்ட் இயக்கிய ‘பிலு, ஜுவான்’ கதை. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும் வண்டி இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக அட்டையும் காலி டப்பாவும் பொறுக்குகிறார்கள். விற்ற காசில் வீட்டுக்குச் செங்கல் வாங்கவேண்டும். கடை மூடுவதற்குள் போய்ச் சேரவேண்டும், வழியில் டயர் வேறு காலை வாரிவிடுகிறது. பழைய சாமான் வாங்கும் பங்கர் கடையில் எது என்ன விலைக்குப் போகும் என்பது தாராவியின் 13 காம்பவுண்ட் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இந்தக் கதையில் அவர்கள்தான் உங்களுக்கு விளக்கம் சொல்வார்கள், சொல்ல விடுங்கள். ‘பாவம்’ என்று மட்டும் நீங்கள் ஆரம்பிக்காதீர்கள்; அந்த இரண்டு பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள்.

பேச்சு போர்ச்சுகீசிய மொழி. சப்டைட்டிலை நம்பாமல், அவ்வப்போது நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள்.

பிள்ளைகள் இன்னொரு படம் கேட்டால் ‘காக்கா முட்டை’ போடுங்கள். அது தமிழ்ப் படம்; அதற்கு நீங்கள் வாயே திறக்கவேண்டாம்.