பேக்கப் சர்வரில் டிஸ்க் நிறைந்தால்

நெசவாளர் பெற்ற நூலும் ஒப்படைத்த சேலையும், பயிரிடுவோர் வாங்கிய கடனும் செலுத்திய தவணையும் முன்னாளில் பேரேட்டில் எழுதப்பெற்றன. இன்று சங்கங்கள் பலவற்றில் அவை கம்ப்யூட்டரில் ஏறியுள்ளன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. இக்கணக்குகளின் மறுபிரதியை நாள்தோறும் வாங்கிச் சேமித்து வைக்கும் தனிக் கம்ப்யூட்டரே பேக்கப் சர்வர் எனப்படும். அதன் டிஸ்க்கில் கோளாறு நேரின் ஆராய வேண்டிய முறையை, லினக்ஸில் இயங்கும் சர்வரைக் கொண்டு இப்பாடத்தில் காண்போம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் கருவியைத் தொட வேண்டுவதில்லை; எனினும் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியது யாது என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

1. இடமின்மை

‘டிஸ்க்கில் இடமில்லை’ என்னும் செய்தி வந்தவுடன் பழைய பிரதிகளை அவசரமாக அழித்தல் கூடாது. பின்வரும் காரணங்கள் நான்கனுள் எது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

முதலாவது, டிஸ்க் உண்மையாகவே நிறைந்திருத்தல். ‘டிஎஃப்’ என்னும் கட்டளை ஒவ்வொரு டிஸ்க்கிலும் எஞ்சிய இடத்தைக் காட்டும். ‘டியூ’ என்னும் கட்டளை எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்பதைக் காட்டும். நாட்பட்ட பிரதிகளை நீக்கும் ஏற்பாடு நின்று போயிருப்பின் அஃது இங்கே வெளிப்படும்.

இரண்டாவது, பிரதிக்குரிய டிஸ்க் இணையாதிருத்தல். மின்தடைக்குப் பின் சர்வர் மீண்டும் இயங்கும்போது வெளி டிஸ்க் இணையாது போதல் உண்டு. அப்போது அதே பெயருள்ள கோப்புறையில், சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே பிரதிகள் குவியும். பெரிய டிஸ்க் வறிதே கிடக்க, சிறிய டிஸ்க் நிறைந்துவிடும்.

மூன்றாவது, ஐநோடு தீர்ந்திருத்தல். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்னும் பதிவிடம் ஒன்று தேவை. ‘இஎக்ஸ்டி4’ என்னும் அமைப்பில் அதன் எண்ணிக்கை டிஸ்க்கைத் தயார் செய்யும்போதே வரையறுக்கப்படுகிறது. சிறு கோப்புகள் இலட்சக்கணக்கில் பெருகின் பதிவிடம் தீர்ந்துவிடும். கிடங்கில் இடமிருந்தும் இருப்புப் புத்தகத்தில் ஏடு இல்லையேல் புதிய மூட்டையை வரவு வைக்க இயலாதன்றோ? இதுவும் அத்தன்மையதே. ‘டிஎஃப் -ஐ’ என்னும் கட்டளை இதனைக் காட்டும்.

நான்காவது, அழித்த கோப்பு இடத்தை விடாதிருத்தல். ஒரு நிரல் திறந்து வைத்துள்ள கோப்பை அழித்தால், அதன் பெயர் நீங்குமேயன்றி இடம் மீளாது. டிஎஃப் காட்டும் பயன்பாடு மிகுந்தும், டியூ காட்டும் அளவு குறைந்தும் இருப்பின் இதனை ஐயுறலாம். ‘எல்எஸ்ஓஎஃப்’ என்னும் கட்டளையால் அந்நிரலைக் கண்டறிந்து, முறையாக நிறுத்தி மீண்டும் தொடங்கினால் இடம் மீளும்.

2. டிஸ்க்கின் பழுது

இடம் இருந்தும் பிரதி எடுத்தல் மிகத் தாமதமாகலாம். டிஸ்க் எழுத்தை ஏற்காது, படிக்க மட்டுமே இடந்தரும் நிலைக்கு மாறலாம். இவை பழுதின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாடு உண்டு. அதில், பழுதுற்று மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், படிக்க இயலாது நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கையும் வளர்ந்து வருமாயின் காத்திருத்தல் தகாது. உள்ளதை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றுக. பழுது பார்த்தல் அதன் பின்னரே. பயன்பாட்டில் உள்ள டிஸ்க்கின் மீது ‘எஃப்எஸ்சிகே’ என்னும் சீர்திருத்தக் கட்டளையை ஏவுதல் சேதத்தைப் பெருக்கும்.

இரு டிஸ்க்குகளில் ஒரே தகவலை எழுதும் ரெய்டு முறை இருக்கின்றதே என்று சிலர் அமைதி கொள்வர். ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது உதவும் என்பது மெய்யே. ஆனால் ஒருவர் தவறி அழித்த கணக்கு இரண்டிலும் ஒருங்கே அழியும். ஆகவே ரெய்டு மறுபிரதிக்கு ஈடாகாது.

3. மீட்டுப் பார்த்தல்

கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் நேர்ந்ததை அந்நிறுவனமே பின்னர் உலகறிய வெளியிட்டது. பொறியாளர் ஒருவர் கோளாறு ஒன்றைச் சரிசெய்கையில், துணைச் சர்வரில் நீக்க வேண்டியதை முதன்மைச் சர்வரில் நீக்கிவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் தகவல் மறைந்தது. நாள்தோறும் எடுத்ததாக நம்பிய பிரதிகளைத் தேடியபோது அவ்விடம் வெறுமையாக இருந்தது. பிரதி எடுக்கும் நிரலின் பதிப்பு தகவல்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால் வேலை நடைபெறவில்லை. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு வேலைக்காக எடுக்கப்பட்ட பிரதி ஒன்றே கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் மீளவில்லை.

பெரிய நிறுவனத்துக்கே இது நேருமாயின், நாம் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! மீட்டுப் பார்க்காத மறுபிரதி எண்ணிப் பார்க்காத ரொக்கத்தைப் போன்றது. தணிக்கையின்போது கைரொக்கத்தை எண்ணுவதைப் போல, மாதம் ஒருமுறை ஓர் அங்கத்தினர் கணக்கையேனும் பிரதியிலிருந்து மீட்டெடுத்து, அவரது பாஸ்புத்தகத்தோடு ஒப்பிடுவது நலம்.

கூட்டத்தில் கேட்க வேண்டிய வினாக்கள்

1. கடைசிப் பிரதி எந்நாளில் எடுக்கப்பட்டது? அதன் அளவு முந்தையவற்றோடு ஒத்துள்ளதா?
2. டிஸ்க்கில் எஞ்சிய இடமும் ஐநோடும் எவ்வளவு?
3. பிரதி தவறினால் செய்தி யாருக்குச் செல்கிறது? அது சேர்கிறதா என்று சோதித்தது எப்போது?
4. சங்கக் கட்டடத்துக்கு வெளியே ஒரு பிரதி உள்ளதா?
5. கடைசியாக மீட்டுப் பார்த்தவர் யார்?

ஐந்தாம் வினாவுக்கு விடை கிடைக்காத சங்கத்தில், அடுத்த கூட்டத்துக்குள் மீட்டுப் பார்த்து அறிக்கை தருமாறு தீர்மானம் நிறைவேற்றுதல் அங்கத்தினர் கடமையாகும்.